கணிப்பு வலையில் சிக்காத மூவாயிரம் ஓட்டு

பட்டு அசல்தானா என்று சந்தேகம் வந்தால் ஆரணியில் யாரும் சேலையையே கொளுத்திப் பார்ப்பதில்லை. ஓர் இழையை உருவித் தீயில் காட்டுவார்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. கருத்துக்கணிப்பும் இதே வேலைதான். ஆனால் சேலையின் உடலில் உருவிய இழை, கரையில் ஓடும் ஜரிகையைப் பற்றி வாய் திறக்காது.

1936 அதிபர் தேர்தலையொட்டி அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன்தான் அதிபர் என்றது பத்திரிகை. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலில் எடுத்திருந்தார்கள். நம்மூரிலும் பகல் பதினொரு மணிக்குப் போன் போட்டுப் பாருங்கள். குழித்தறியில் நெசவாளிக்குக் கால் மிதியில், கை நாடாவில். போனை எடுப்பவர் வேறு யாரோ.

சரியான ஆட்களைப் பிடித்தாலும் ஆயிரம் பேர் கணக்கில் மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணிக்கே ஆட்சி என்ற கணிப்பு பலித்தது. 234-இல் 159 இடங்கள். ஆரணியோ அதிமுகவின் சேவூர் ராமச்சந்திரனைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் பதிவான தொகுதியில் வித்தியாசம் சுமார் மூவாயிரம் ஓட்டு, அதாவது ஒன்றரை சதவீதம். மூன்று சதவீதக் கண்ணி கொண்ட வலையில் அந்த மீன் எப்படிச் சிக்கும்?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சில்லறை ஓட்டுகள் அதிபரையே மாற்றிவிடும். 2016-இல் ஹிலாரி நாடு முழுக்க டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். அவர் முன்னிலை என்ற தேசியக் கணிப்புகள் பெரிதாகப் பொய்க்கவில்லை. ஆனால் அங்கே மாநிலவாரியாகத்தான் கணக்கு. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கைநழுவின. கல்லூரிப் படிப்பில்லாத வாக்காளர்களுக்கு உரிய பங்கைக் கொடுக்காமல் பல மாநிலக் கணிப்புகள் கூட்டிக் கழித்திருந்தன.

இங்கே கடைசி ஓட்டு விழுந்து அரை மணி நேரம் ஆகும்வரை வாக்குச்சாவடிக் கணிப்புகளை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் ஜூன் 1 மாலை, தடை நீங்கியதும் பல சேனல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. கிடைத்தது 293. தமிழ்நாட்டிலும் அதற்குச் சில இடங்கள் உண்டு என்றார்கள், ஒன்றுகூட இல்லை. ஆரணி மக்களவைத் தொகுதியில் திமுகவின் தரணிவேந்தன் இரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் முந்தினார். அதைச் சொல்ல ஒரு டீக்கடை பெஞ்சே போதுமாயிருந்திருக்கும்.