அம்பு வெளியேறும் இடம்

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஓக் மரத்தின் கொட்டைகள் உதிரத் தொடங்கும் இலையுதிர் காலத்தில், அவற்றைத் தின்ன வெண்வால் மான்கள் வரும் தடத்தை முன்னரே ஆராய்ந்து வைத்துக்கொண்டு, அதனருகே ஒரு மரத்தில் 15 முதல் 20 அடி உயரத்தில் சிறு பரண் அமைத்து, இடுப்பையும் தோளையும் பாதுகாப்புக் கச்சையால் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, வில்லும் கையுமாக மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் வழக்கம் இன்று மிகவும் பரவியிருக்கிறது. மனித வாடை மானின் மூக்குக்கு எட்டாமல் மேலே போய்விடும் என்பதும், மான் தலைநிமிர்ந்து மேலே பார்ப்பது அரிது என்பதும் பரணுக்குரிய அனுகூலங்கள். அப்படிக் காத்திருப்பவனுடைய காலடியிலேயே, மூன்று மீட்டர் தொலைவில், ஒரு மான் வந்து நின்றுவிட்டால் அதைவிடச் சுலபமான இலக்கு வேறில்லை என்றுதான் அனுபவமில்லாதவர் எண்ணுவர். உண்மையில் பழகிய வேட்டைக்காரன் அம்பை விடாமல் இருக்கவேண்டிய சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

ஏன் என்று அறிய, அம்பு எவ்வாறு கொல்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். துப்பாக்கிக் குண்டு அதிவேகத்தில் பாய்ந்து, தன் பாதையைச் சுற்றியுள்ள தசைகளையும் எலும்புகளையும் சிதைத்துப் பிராணியை வீழ்த்துகிறது. அம்புக்கு அவ்வளவு வேகமும் இல்லை, அத்தகைய அதிர்ச்சியை உண்டாக்கும் சக்தியும் இல்லை. அதன் முனையில் பதித்துள்ள கூரிய அலகுகள் இரத்தக் குழாய்களை அறுக்கின்றன. பெருகும் இரத்தத்தாலேயே மரணம் நேருகிறது. யாஹி இனத்தில் எஞ்சியிருந்து 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்குத் தெரியவந்த இஷி என்பவரிடம் வில்வித்தை பயின்று, 1923இல் அதைப் பற்றி நூலொன்றும் எழுதிய சாக்ஸ்டன் போப், தொழிலால் சத்திர சிகிச்சை வைத்தியர். நவீன அமெரிக்க வில்வேட்டையின் முன்னோடி ஒருவர் உடற்கூறு அறிந்த வைத்தியராக வாய்த்தது பொருத்தந்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மானின் நெஞ்சறையில் இரண்டு சுவாசகோசங்களும் இரண்டு துருத்திகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி வைத்தாற்போல் அமைந்திருக்கின்றன. அவற்றின் இடையே, நன்கு கீழே, முன்னங்கால்கள் உடலோடு சேரும் இடத்துக்கு அருகில் இருதயம் இருக்கிறது. பின்னால் உதரவிதானம், அதற்கும் பின்னால் ஈரல், அதையடுத்து, இலையும் கொட்டையும் நொதித்துக்கொண்டிருக்கும் பெருவயிறு. இரண்டு சுவாசகோசங்களும் துளைக்கப்பட்ட மான் ஏறத்தாழ நூறு கஜத்துக்குள் ஓடி, சில வினாடிகளிலேயே சாய்ந்துவிடும். ஒன்று மட்டும் துளைக்கப்பட்டதோ, மற்றொன்றைக் கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டே வெகுதூரம் போய்விடும். பிழைத்துவிடவும் கூடும், பல மணி நேரம் துன்புற்று எங்கோ மாண்டுபோகவும் கூடும். ஆதலால், ஒரு கோணம் நியாயமானதா என்ற கேள்வி, அந்தக் கோணத்தில் பாயும் அம்பு இரண்டு சுவாசகோசங்களையும் கடந்து செல்லுமா என்ற கேள்வியாகவே முடிகிறது.

மான் நமக்குப் பக்கவாட்டில் நிற்கும்போது இதற்குத் தடையில்லை. நம் பக்கத்து முன்னங்கால் முன்னே எட்டி வைக்கப்பட்டிருந்தால் தோளெலும்பும் விலகி வழிவிடுகிறது. பின்புறம் நம் பக்கமாகவும் முகம் அப்பாலும் இருக்கும்படி மான் சாய்ந்து நிற்கும் நிலை இன்னும் சிலாக்கியமானது என்று பலர் கருதுவர். அப்போது அம்பு விலாவின் பின்பகுதியில் நுழைந்து, தோளெலும்பில் மோதாமல், முன்னோக்கி நெஞ்சறை முழுவதையும் கடக்கிறது; தவிர, மானின் கண்களும் வேறு திசையில் இருக்கின்றன. இந்நிலையில் நுழைவாயை நோக்கிக் குறி வைக்காமல், எதிர்ப்பக்கத்து முன்னங்காலை மனத்தில் கண்டு அதை நோக்கியே அம்பைச் செலுத்தவேண்டும் என்பது வேட்டைக்காரர் வழக்கு. முகம் நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் தோளெலும்பு குறுக்கே நிற்கிறது. அதைத் தப்பிச் செல்லும் அம்பு ஒரு சுவாசகோசத்தைத் தீண்டிவிட்டு வயிற்றுக்குள் போய்விடும். நேருக்கு நேர் நிற்கும் மானும், முதுகு காட்டி நிற்கும் மானும் எய்யாமல் விட்டுவிடத்தக்கவை.

இவையெல்லாம் தரையில் நிற்பவனுக்குரிய விதிகள். பரணில் ஏறியவனுக்கு மேலிருந்து கீழான இன்னொரு கோணமும் சேர்ந்துகொள்கிறது. அம்பு புறப்படும் இடம் தரையிலிருந்து 6 மீட்டர் உயரம் என்றும், மானின் நெஞ்சு முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறதென்றும் கொள்வோம். மான் 18 மீட்டர் தள்ளி நின்றால் அம்பு சுமார் 16 பாகைச் சரிவில் இறங்கும். 9 மீட்டரில் 30 பாகை. 3 மீட்டரில் 60 பாகை. இனி, நெஞ்சின் அகலம் 25 சென்டிமீட்டர், மேலிருந்து கீழாக அதன் அளவு சுமார் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கோணத்தில் அம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் 7 சென்டிமீட்டர் மட்டுமே இறங்குகிறது, இரண்டாவதில் 15 சென்டிமீட்டர், மூன்றாவதிலோ 44. அந்த மூன்றாவது நிலையில், தரையில் நிற்கும்போது செய்வதுபோலவே விலாவின் நடு உயரத்தில் ஒருவன் குறி வைத்தானானால், அம்பு நெஞ்சின் நடுக்கோட்டை எட்டும் தறுவாயிலேயே அடிப்புறத்தில் வெளிவந்துவிடும். அப்பாலுள்ள சுவாசகோசம் தீண்டப்படாமலே இருக்கும். நேர் கீழே மான் நின்றால் நிலைமை இன்னும் மோசம். நடுவே முதுகெலும்பு, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு சுவாசகோசம், செங்குத்தாக இறங்கும் அம்பு இரண்டையும் துளைக்க வழியே இல்லை.

எனவே சரிவு மிகுந்தோறும் குறியைச் சற்று உயர்த்தி, அம்பு எதிர்ப்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வெளியேறுமாறு எண்ணிப் பார்த்து எய்யவேண்டும். அவ்வாறு கீழே வெளியேறுவதில் மற்றொரு பயனும் உண்டு: இரத்தம் நெஞ்சறைக்குள் தேங்கிவிடாமல் தரையில் சொட்டித் தடம் காட்டும். வில்லேந்திய கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்து எய்யவேண்டும் என்பது கூடுதல் எச்சரிக்கை. இல்லையேல் தோளின் நிலை குலைந்து அம்பு பெரும்பாலும் மேலே போய்விடும்.

தொலைவு கூடக் கூடச் சரிவு குறையுமாதலால், மான் தள்ளி நிற்பதே நல்லதென்று தோன்றலாம். அங்கே ஒலி குறுக்கிடுகிறது. கப்பிகள் பூட்டிய இக்கால வில்லிலிருந்து அம்பு வினாடிக்கு சுமார் 85 மீட்டர் வேகத்தில் செல்கிறதென்றால், நாணின் ஓசை அதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் செல்கிறது. ஓசையால் திடுக்கிடும் மான், பாய்வதற்காகக் கால்களை மடக்கி முதலில் உடலைத் தாழ்த்துகிறது. 18 மீட்டரில் ஓசைக்கும் அம்புக்கும் இடையே 0.16 வினாடி, அதில் உணர்ந்துகொள்ள 0.1 வினாடி போனாலும், எஞ்சிய நேரத்தில் உடல் தானாக விழக்கூடிய தூரம் 2 சென்டிமீட்டர்தான். 36 மீட்டரிலோ இடைவெளி 0.32 வினாடி, அதே கணக்கில் உடல் 24 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். குறி எவ்வளவு துல்லியமாயிருந்தும், நெஞ்சுக்கென்று விட்ட அம்பு முதுகுக்கு மேலே பறக்கும். வில்லின் வேகத்தைக் கூட்டினால் இது தீர்ந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்வதை நான் நம்பத் தயாரில்லை. எந்த வில்லின் அம்பும் ஒலியை முந்தப்போவதில்லை.

அம்பு பட்டபின் தரையில் காணும் அடையாளங்களே அது எங்கே பட்டதென்பதைச் சொல்கின்றன. நுரையோடு கூடிய வெளிர்சிவப்பு இரத்தம் சுவாசகோசத்துக்குரியது. அரை மணி கழித்துத் தேடலாம். கறுத்த செந்நிறம் ஈரலுக்குரியது. மூன்று நான்கு மணி நேரம் பொறுக்கவேண்டும். அம்பின் தண்டில் பச்சையும் பழுப்புமான பிசுக்கும் துர்நாற்றமும் இருந்தால் வயிறு துளைபட்டிருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருப்பர், ஏனெனில் முன்னரே தொடர்ந்தால் படுத்திருக்கும் மான் எழுந்து இன்னும் தொலைவு போய்விடும். மேரிலண்டில் இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை, பயிற்சி பெற்ற வில்லாளிகளைக் கொண்டு நடந்த வேட்டையைப் பற்றிய ஆய்வில், அம்பு பட்ட மான்களில் நூற்றுக்குப் பதினெட்டு கைக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய காரணங்களைக் காட்டியே வில்வேட்டையை எதிர்ப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் மானை வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம்.

ஆதரிப்பவர்கள் பயிற்சியைக் காட்டுகிறார்கள். மான் வடிவில் வார்த்த ரப்பர் நுரைப் பொம்மைகளைப் பரணைச் சுற்றிப் பல தொலைவுகளில், பல கோணங்களில் நிறுத்தி எய்வார்கள். நுழைந்த இடத்தை மேலிருந்தே பார்த்து மகிழாமல் கீழே இறங்கிவந்து, தண்டு உடலுக்குள் எந்தச் சாய்வில் நிற்கிறது, அதே கோட்டில் சென்றால் முனை எங்கே வெளிப்படும் என்று குனிந்து பார்ப்பது பயிற்சியின் முக்கிய பாகம். இப்படிப் பார்த்துப் பழகியவர்கள், மான் தடத்துக்கு நேர்மேலே சாய்ந்திருக்கும் வசதியான மரத்தை விட்டுவிட்டு, தடத்திலிருந்து பதினைந்து இருபது கஜம் தள்ளியுள்ள மரத்தில் பரணைக் கட்டுகிறார்கள்.