கூரையை மூடிக்கொண்ட கனவு

திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் உலகெங்கும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. கார் செய்யும் நகரமான புனேயில் அதற்கான காரணங்கள் சாலையிலேயே கிடைக்கின்றன.

மாலை ஆறரை மணி. புனேயின் கிழக்கு விளிம்பில் உள்ள கராடி. இயான் ஐ.டி. பூங்காவிலிருந்தும் வேர்ல்ட் டிரேட் சென்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேறும் வண்டிகள் நகர் ரோட்டில் சேர முட்டி மோதுகின்றன. வாகோலி பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரிகள் நடுவே புகுந்து நிற்கின்றன. ஆட்டோ, கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் ஸ்கூட்டர். கார்களில் கண்ணாடி இறங்கியிருப்பது அபூர்வம். உள்ளே ஏ.சி., வெளியே புழுதி.

இந்தக் கூட்டத்தில் கூரை மடித்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டே இருக்கை. தரையை ஒட்டிய உயரம். லாரியின் புகைக்குழாய் சரியாக ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே இருக்கும். சிக்னலில் நின்றால் சுற்றியிருக்கும் அத்தனை கண்களும் மடியில் இருக்கும் பையைப் பார்க்கும்.

வாங்கும் வசதி கராடியில் இல்லாமல் இல்லை. கிராமமாக இருந்து, இருபது ஆண்டுகளுக்குள் கண்ணாடிக் கட்டடங்களின் காடாக மாறிய பகுதி இது. சென்னை, கோவை, ஹைதராபாத் என்று எங்கிருந்தோ வந்து, கணவனும் மனைவியும் சம்பாதித்து, இங்கேயே அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அந்த அடுக்குமாடிகளின் கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்பவை உயரமான, கூரை உறுதியான எஸ்.யூ.வி.க்கள். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் 65 சதவிகிதம் இந்த 'யுட்டிலிட்டி' வகைதான் என்கிறது கார் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

இது புனேயின் கதை மட்டுமல்ல. கூரை திறக்கும் கார், அதாவது கன்வர்ட்டிபிள், உலகெங்கும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஆடியின் டிடி 2023 நவம்பரில் ஹங்கேரித் தொழிற்சாலையில் முடிவுக்கு வந்தது. மெர்சிடிஸின் எஸ்எல்கே 1996-ல் மடங்கும் உலோகக் கூரையோடு வந்து உலகைக் கவர்ந்தது. பிறகு எஸ்எல்சி என்று பெயர் மாறி 2020-ல் நின்றது. ஹோண்டாவின் எஸ்2000 2009-லேயே விடைபெற்றுவிட்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2019-ல் போனபோது அதன் கன்வர்ட்டிபிளும் சேர்ந்தே போனது.

இப்படி ஓர் இறங்குமுகம் முன்பும் வந்ததுண்டு. அமெரிக்காவில் 1965-ல் ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கன்வர்ட்டிபிள்கள் தயாராயின. பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1976-ன் கடிலாக் எல்டராடோவை 'கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள்' என்றே அறிவித்து விற்றார்கள். புதிய நெடுஞ்சாலைகளில் வேகம் கூடியதால் காற்றின் இரைச்சல் தாங்க முடியாததாயிற்று. ஏ.சி. மலிவானது. கார் உருண்டால் கூரை தாங்க வேண்டும் என்ற விதி வரப்போகிறது என்ற பேச்சு தயாரிப்பாளர்களைப் பயமுறுத்தியது. நீதிமன்றம் கன்வர்ட்டிபிள்களுக்கு விலக்கு அளித்தும் பயம் போகவில்லை. கிரைஸ்லரின் லீ அயக்கோக்கா துணிந்து 1982-ல் லெபாரன் கன்வர்ட்டிபிளைக் கொண்டுவந்த பிறகுதான் உயிர் திரும்பியது.

பிறகு ஜப்பான் வந்தது. மாஸ்டா 1989-ல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 எளிமையானது: சுமார் 1,000 கிலோ எடை, கையாலேயே மடக்கும் துணிக் கூரை, சம்பளக்காரர் எட்டிப்பிடிக்கும் விலை. 2016-ல் அதன் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் வேறெதுவும் இதை நெருங்கவில்லை. இன்றும் அது ஓடுகிறது. மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை என்பது நமது துரதிர்ஷ்டம்.

கூரை எடுத்தால் எடை கூடும்

கூரையை எடுத்துவிட்டால் கார் இலகுவாகும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர் எதிர். இன்றைய காரின் கூரை வெறும் மூடி அல்ல. முட்டையின் ஓடு போல மொத்த உடலுக்கும் பலம் தருவது. அதை வெட்டி எடுத்தால் கார் நடுவில் துவளும். குழியில் இறங்கினால் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் நடுங்கும். அதைத் தடுக்க அடித்தளத்தையும் பக்கவாட்டு விளிம்புகளையும் கண்ணாடித் தூண்களையும் கனமான எஃகால் பலப்படுத்த வேண்டும். அதோடு கூரையை மடக்க மோட்டார், பம்ப், குழாய்கள். ஆகவே கூரை இல்லாத கார், கூரை உள்ள தன் உடன்பிறப்பைவிட எடை அதிகம், விலை அதிகம். மடித்த கூரை போய் உட்கார்வது டிக்கியில். மிச்சம் இருப்பது ஒரு சின்னப் பெட்டிக்கான இடம்.

தயாரிப்பாளரின் கணக்கு இன்னும் கசப்பானது. தனி அச்சுகள், தனிச் சோதனைகள், தனி மோதல் பரிசோதனை. இத்தனையும் மிகக் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஒரு காருக்காக. அதே பணத்தை ஒரு எஸ்.யூ.வி.யில் போட்டால் பல மடங்காகத் திரும்பி வருகிறது. மின்சாரக் கார் யுகத்தில் சிக்கல் இன்னும் கூடும். பேட்டரியே பெரும் பாரம். கூரை திறந்து வேகமாகப் போனால் காற்றின் தடை கூடி, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும்.

ஆனால் ஒரு குற்றச்சாட்டை மட்டும் திரும்பப் பெற வேண்டும். கன்வர்ட்டிபிள் என்றால் ஆபத்து என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதை ஏற்கவில்லை. ஓடிய தூரத்தை வைத்துப் பார்த்தால், கூரை உள்ள அதே மாடல் கார்களைவிட கன்வர்ட்டிபிள்களில் ஓட்டுநர் சாவு அதிகமாக இல்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. மரண விபத்துகளில் வெளியே தூக்கி எறியப்படுவது மட்டும் கொஞ்சம் அதிகம். சீட் பெல்ட்டின் அருமை அங்கேதான். ஆக, ஓட்டுநர்கள் விலகிப் போவதற்குக் காரணம் உயிர்ப் பயம் என்று சொல்வதற்கில்லை.

இரண்டு ஆரியாக்கள்

இந்தியாவிலும் ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1998-ல் சான் மோட்டார்ஸ் 'ஸ்டார்ம்' என்ற சின்னஞ்சிறு இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. பிளாஸ்டிக் உடல், ரெனோவின் 1,149 சிசி என்ஜின், சுமார் 60 குதிரைசக்தி. கோவாவின் கடற்கரைச் சாலைக்கு அழகாகவே பொருந்திய கார். மாருதி 800-ல் ஐந்து பேர் உட்கார்ந்து திருப்பதி போன நாட்டில், இருவருக்கு மட்டுமான கார் எத்தனை பேருக்குத் தேவைப்படும்? ஸ்டார்ம் கடைசிவரை அபூர்வப் பொருளாகவே இருந்தது.

புனேக்கு நெருக்கமான கதை வேறொன்று. கராடிக்கு எதிர்த் திசையில், நகரின் வடமேற்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில், அன்று டெல்கோ என்று அழைக்கப்பட்ட டாடா மோட்டார்ஸின் பெரும் தொழிற்சாலை. இண்டிகாவை உருவாக்கிய தெம்பில் இருந்த அந்த நிறுவனம் 2000-ல் ஒரு மாதிரிக் காரைக் காட்சிக்கு வைத்தது. கூரையில்லாத, இரண்டு இருக்கை ரோட்ஸ்டர். பெயர் ஆரியா. அது விற்பனைக்கு வரவில்லை. ஆனால் பெயர் வீணாகவில்லை. 2010-ல் 'டாடா ஆரியா' சந்தைக்கு வந்தது: மூன்று வரிசை இருக்கை, குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய வண்டி. பத்தே ஆண்டுகளில் இருவர் கார் எழுவர் காராகியது. இந்தியச் சந்தை தன் விருப்பத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டாடா மறுபடியும் முயன்றது. 2017-ல் ஜெனீவாவில் 'ரேசிமோ' என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டிக் கைதட்டல் வாங்கியது. அதுவும் சாலைக்கு வரவில்லை.

பணக்காரர்களுக்கு மட்டும்

இன்று இந்தியாவில் கன்வர்ட்டிபிள் என்றால் அது லட்சங்களின் உச்சியில் அல்லது கோடியில். 2018 மார்ச்சில் ரேஞ்ச் ரோவர் எவோக் கன்வர்ட்டிபிள் 69.53 லட்ச ரூபாய்க்கு வந்தது. எஸ்.யூ.வி. உயரம், திறந்த கூரை, இரண்டும் ஒன்றாக. உலக அளவிலேயே அது நீடிக்கவில்லை. மெர்சிடிஸின் சிஎல்இ கேப்ரியோலே 2024-ல் 1.10 கோடிக்கு அறிமுகமானது. 2025 ஜூலையில் வந்தது எம்ஜி சைபர்ஸ்டர், மின்சார ரோட்ஸ்டர், 74.99 லட்சம். பழைய பிரிட்டிஷ் எம்ஜிக்கு திறந்த கார்தான் அடையாளம். 1962 முதல் 1980 வரை அது செய்த எம்ஜிபி வகைக் கார்கள் 5 லட்சத்துக்கும் மேல். பெயர் இன்று சீன நிறுவனத்தின் கையில்.

சைபர்ஸ்டர் 3.2 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்கிறது நிறுவனம். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டுப் போக்குவரத்துப் பட்டியலோ, புனேயில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 33 நிமிடம் 22 நொடி ஆகிறது என்கிறது. உலகிலேயே நான்காவது மந்தம். மணிக்கு 18 கிலோமீட்டர். நல்ல சைக்கிள்காரர் கூட வந்து பேசிக்கொண்டே போகலாம்.

வானிலையும் ஒத்துழைக்க வேண்டுமே. மார்ச் முதல் மே வரை உச்சி வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மிச்சம் குளிர்காலம், அதிலும் விடியற்காலை. முல்ஷி ஏரிப் பக்கமோ மகாபலேஷ்வர் மலைப் பாதையிலோ ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனால் கூரையைத் திறக்கலாம். ஒன்பது மணிக்கு மூடிவிட வேண்டும். வருடத்தில் சில ஞாயிறுகளுக்காக முக்கால் கோடி.

நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் இருந்த ஒரு திறந்த வண்டி மஹிந்திராவின் தார். ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஜீப் வம்சம். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரில் துணிக் கூரை வகையும் இருந்தது. வாங்க வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்டது கெட்டிக் கூரையை. 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் துணிக் கூரையே கிடையாது. 2025-ல் பழைய தாரின் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது சன்ரூஃப். 2023-லேயே டாடா அல்ட்ரோஸ், ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய கார்கள் வரை அது இறங்கி வந்துவிட்டது. வானம் தெரிய வேண்டும், வெயில் படக் கூடாது, ஏ.சி. வீணாகக் கூடாது. மூன்றுக்கும் ஒரு கண்ணாடி போதும். கல்யாண ஊர்வலத்தில் குழந்தைகள் அதன் வழியே தலையை நீட்டிப் போலீஸிடம் திட்டு வாங்குவதில்தான் திறந்த காரின் ஆசை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஸ்கார்ஃபின் கதை

ஆனால் விலையும் வானிலையும் மட்டுமே முழுக் காரணம் அல்ல. நம் சினிமா ஐம்பது, அறுபதுகளில் திறந்த காரைக் கொண்டாடியது. கதாநாயகன் ஓட்ட, கதாநாயகியின் ஸ்கார்ஃப் காற்றில் பறக்க, பின்னால் மரங்கள் ஓடும். புனே சாலையிலும் ஸ்கார்ஃப் உண்டு. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வார்கள். இந்த நகரத்தின் அடையாளமே அது என்று சொல்லலாம். பறப்பதற்காக அல்ல, புழுதிக்காக.

மேலை நாட்டில் கன்வர்ட்டிபிள் வாங்குபவர் மூடிய காரிலிருந்து காற்றைத் தேடி வெளியே வருகிறார். இந்தியாவில் கார் வாங்குபவர் ஸ்கூட்டரிலிருந்து வருகிறார். காற்று, வெயில், மழை, லாரிப் புகை எல்லாவற்றையும் அனுபவித்து முடித்துவிட்டவர். அவர் காசு கொடுத்து வாங்குவதே கூரையைத்தான். மழையில் நான்கு பேர் ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்து ரத்தன் டாடா நேனோவை யோசித்தார் என்பது ஊரறிந்த கதை. 2008-ல் அறிமுகமான அந்தக் கார் வேறு பல காரணங்களால் தோற்றது. ஆனால் அது பிறந்த நோக்கத்தில் தவறில்லை: முதலில் தலைக்கு மேல் ஒரு மறைப்பு.

அப்படியானால் கன்வர்ட்டிபிள் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? அதை வாங்கக்கூடியவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் போதும். கேள்வி மற்றவர்களுக்கு. 2024-25-ல் இந்தியாவில் விற்ற இருசக்கர வாகனங்கள் சுமார் 1.96 கோடி. சேட்டக் ஸ்கூட்டரை உலகுக்குத் தந்த பஜாஜின் ஊரான புனேயில் இவர்கள்தான் பெரும்பான்மை. முக்கால் கோடி கொடுத்தும் கூரையைத் திறக்கத் தயங்க வைக்கும் அதே காற்றை இவர்கள் தினமும் இரண்டு வேளை சுவாசிக்கிறார்கள், மூடிக்கொள்ள ஒரு பொத்தான் இல்லாமல்.

மெட்ரோ ராம்வாடி வரை வந்துவிட்டது. அங்கிருந்து கராடி வழியாக வாகோலிக்கு நீட்ட 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. ரயில் வந்து, லாரிகளுக்கு வேறு வழி பிறந்து, புழுதி அடங்கினால் கார்க்காரர் கூரையைத் திறப்பாரோ இல்லையோ தெரியாது. ஸ்கூட்டர்காரப் பெண் ஸ்கார்ஃபைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம். அது போதும்.