போல்ட்டை ஒடிக்க ஏழு கிலோ போதும்

பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு போல்ட் அசைய மறுத்தால், ஸ்பானரின் வாலில் மாட்ட ஓர் இரும்புக் குழாயைத் தேடுவது பட்டறை வழக்கம். கணக்குப் பார்த்தால், இது வம்பை விலைக்கு வாங்கும் வேலை. பெரும்பாலான கார்களில் மேனிஃபோல்டை இன்ஜின் ஹெட்டோடு பிடித்திருப்பவை 8 மி.மீ. போல்ட்டுகளோ ஸ்டட்டுகளோதான். அவற்றைப் பூட்டுவது சுமார் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கில். 40-ஐ நெருங்கினால் புதுப் போல்ட்டே ஆபத்தில் இருக்கிறது. 60 செ.மீ. குழாயின் நுனியை ஏழு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் அந்த 40 வந்துவிடும்; ஒற்றைக் கை போதும். பல வருடச் சூட்டில் வெந்து, துருவில் இளைத்த போல்ட் அதுவரைகூடத் தாங்காது. துரு போல்ட்டைப் பிடித்துத்தான் வைக்கிறது. ஒடிப்பது நம் கை. அந்தப் பிடியை விடுவிக்கச் சூடுதான் சரியான கருவி என்பது என் கட்சி.

இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் இடம் ஏது? ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. திருகும்போது வெளியே உள்ள தலை சுழலப் பார்க்கிறது, உள்ளே புதைந்த பகுதி நகர்வதில்லை, முறுக்கெல்லாம் கழுத்தில் சேர்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் நீண்டு சுருங்கி, இரு கோடியிலும் உள்ள போல்ட்டுகளைப் பக்கவாட்டில் இழுத்து நோகடித்திருக்கும் என்பதும் சேர்த்தி. ஹெட் அலுமினியமாக இருந்தால், அது அதே சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஹெட்டை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், 8 மி.மீ. துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அதிகமாக விரியும். தலைமுடியின் தடிமனில் சிறு பகுதிதான். ஆனால் துரு நொறுங்கும் பொருள், அதற்கு அவ்வளவே போதும். சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுக்கலும் தருகிறது.

எண்ணெய் அடித்தால் போதாதா என்பார்கள். எல்லோரும் கைநீட்டி எடுக்கும் டபிள்யூடி-40, 1953-இல் ஈரத்தை விரட்டித் துரு வராமல் தடுக்க உருவான கலவை. பெயரின் பொருளே ஈரத்தை விரட்டுவதுதான். ஊடுருவும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டால் பலன் உண்டு, துரு அடைத்த மரையில் அது நுழைய வழி கிடைத்தால். நெருப்பு ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அலுமினியம் எஃகைப்போல் சிவந்து காட்டி எச்சரிக்காது, திடீரென்று உருகிவிடும். பக்கத்தில் பெட்ரோல் குழாயும் ஒயர்களும் வேறு. பழகாத கையில் கேஸ் டார்ச் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நட்டை மட்டும் தீயில்லாமல் காய்ச்சும் இண்டக்ஷன் கருவிகள் வந்திருக்கின்றன.

சூடாக்குவதில் நேரம் வீண் என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போல்ட் ஒடிந்தாலும், ஒடிந்ததைப் பிடுங்க ஈஸி-அவுட் என்ற கருவி இருக்கிறதே என்கிறார்கள். அது கெட்டியானது, ஆனால் எளிதில் முறியும். உள்ளேயே முறிந்தால் சாதாரண ட்ரில் அதில் இறங்காது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டும். அதற்குப் பதில், ஒடிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தால், சூடும் ஸ்பானருக்குப் பிடிமானமும் ஒருங்கே கிடைக்கின்றன. எஃகு வெல்டிங் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது என்பது கூடுதல் வசதி. கடைசி வழி துளையிடுவது. இடப்பக்கம் சுழலும் ட்ரில் பிட் கிடைத்தால், பாதி துளைக்கும்போதே துண்டு தானாகக் கழன்று வருவதுண்டு. புதுப் போல்ட்டைப் போடும்போது மரையில் செம்புப் பசை தடவினால் அடுத்த முறை எளிதாகக் கழலும். கையேடு உலர்ந்த மரைக்கான முறுக்கைச் சொல்லியிருந்தால் மட்டும் சற்றுக் குறைத்துப் பூட்ட வேண்டும். பசை தடவிய போல்ட் அதே முறுக்கில் கூடுதலாக இழுபடும்.