உள்ளத்தில் இருத்தியவரின் பாடல்

"பிள்ளைகளுக்கு இதையெல்லாம் பாடமாக்கக் கொடுக்கத்தான் வேண்டுமா, பாதர்? எல்லாம் போனில் இருக்கிறதுதானே?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்த வேளையில் தாயொருவர் இவ்வாறு வினவினார். மரியாளின் புகழ்ப்பாடலை மனனம் செய்து வருமாறு அன்று பிள்ளைகளிடம் கூறியிருந்தேன். மனனம் செய்யும் பிள்ளை சுயமாகச் சிந்திக்காது என்பது அவரது அச்சம். பரீட்சைக்கென இரவிரவாகப் பாடமாக்கி, மறுநாளே மறந்துவிடும் நம் பிள்ளைகளைக் காணும் எவருக்கும் இவ்வச்சம் எழுவது இயல்பே.

அப்பாடலையே சற்று உற்று நோக்குவோம். லூக்கா 1:46-55க்கு அருகில் 1 சாமுவேல் 2:1-10ஐ வைத்து வாசித்துப் பாருங்கள். பிள்ளையின்றிக் கண்ணீர் வடித்த அன்னா, சாமுவேலைப் பெற்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தபோது பாடியது அது. வலியோர் வீழ்வதும் எளியோர் உயர்வதும் பசித்தோர் நிறைவடைவதும் அங்கேயே உள்ளன. எலிசபெத்தின் இல்லத்தில் நின்ற மரியாளின் கையில் ஏடு எதுவும் இருக்கவில்லை; சிறு வயது முதல் கேட்டு உள்ளத்தில் இருத்தியவையே நாவில் எழுந்தன. ஆயினும் அது அன்னாவின் பாடலன்று. மலடி எழுவரைப் பெற்றாள் என்னும் கூற்றை மரியாள் எடுக்கவில்லை. ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி என்ற வேறொரு நினைவைக் கொணர்ந்தே தம் பாடலை நிறைவு செய்கின்றார்.

இடையர்கள் வந்து சென்றபின் மரியாள் யாவற்றையும் மனத்தில் இருத்திச் சிந்தித்தார் என லூக்கா 2:19 கூறுகின்றது. சிந்தித்தலைக் குறிக்க அங்கே வரும் கிரேக்கச் சொல், பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் போடுதல் என்ற பொருளில் பிறந்ததாகும்.

மூளையும் அவ்வாறே செயற்படுகின்றது என்பதே வியப்பு. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953இல், அவரது 27ஆவது வயதில், வலிப்பு நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மூளையின் இருபுறமும் ஆழத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்துள்ள ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. அதன்பின் 2008இல் இறக்கும்வரை, அன்றாடம் நிகழ்ந்தவற்றை அவரால் நினைவில் வைத்திருக்க இயலவில்லை. பாவம், தம்மைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அறிஞரையும் ஒவ்வொரு முறையும் புதியவராகவே சந்தித்தார்.

இப்பகுதி கடந்த காலத்துக்கு மட்டுமே உரியது என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2007இல் இலண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலெனர் மகுவயர் முதலிய ஆய்வாளர்கள், இப்பகுதி பழுதுற்ற ஐவரிடம், வெண்மணற் கடற்கரையில் படுத்திருப்பதுபோன்று கற்பனை செய்யுமாறு கேட்டனர். நால்வரால் அக்காட்சியை முழுமையாக உருவாக்க முடியவில்லை. துண்டு துண்டாகவே கூறினர். அலையோசை, மணலின் சூடு, உப்புக்காற்று என முன்னர் கண்டும் கேட்டும் வைத்தவற்றை ஒன்றுசேர்த்தே மூளை புதிய காட்சியைக் கட்டுகின்றது. நினைவும் கற்பனையும் ஒரே கருவூலத்திலிருந்து எடுப்பவை. புனித அகுஸ்தீனார் தமது 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பாகத்தில், நினைவில் உள்ளவற்றைப் பின்னியே வருங்காலச் செயல்களையும் நம்பிக்கைகளையும் தாம் எண்ணிப் பார்ப்பதாக எழுதியிருப்பதை இங்கு நினைக்கத் தோன்றுகின்றது. அவர் அதை எழுதி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகின்றன!

போனில் உள்ளது தேடினால் கிடைக்கும். தேடாத வேளையில் தானாகவே எழுந்து மற்றொன்றோடு இணைவது நம்முள் இருப்பது மாத்திரமே. பொருள் புரியாது ஒப்புவிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அன்னாவின் கண்ணீர்க் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே பாடலைக் கொடுத்தேன். அத்தாயிடமும் இவற்றையே சுருக்கமாகக் கூறினேன். அவர் முழுதாய் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கடற்றொழில் செய்யும் குடும்பத்துச் சிறுமியொருத்தி எழுந்து பாடலை ஒப்புவித்தாள். பசித்தோரைப் பற்றிய வரியில் தடுமாறி நின்றாள். கண்களை மூடித் திறந்து, வலை வெறுமையாகத் திரும்பிய வீட்டுக்கும் ஆண்டவர் சோறு கொடுத்தார் என்று கூறி, அடுத்த வரிக்குச் சென்றுவிட்டாள். நான் திருத்தவில்லை.