மாத்திரை தவறவில்லை, மரு ஏன் வந்தது?

2008-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இரண்டு வைரஸ்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் போனது. பாதிப் பரிசு ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் என்று கண்டுபிடித்தவர். மீதிப் பாதியை ஹெச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மான்டனியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு மேடையில் ஒன்றாக நின்ற அந்த இரண்டு வைரஸ்களும் மனித உடம்பிலும் அடிக்கடி ஒன்றாகவே தங்குகின்றன. பாலுறுப்பில் வரும் மருவுக்குக் காரணம் இந்த ஹெச்.பி.வி. குடும்பமே.

இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியால். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது சென்னையின் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. அதன்பின் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கைநிறைய மாத்திரை விழுங்கிய காலம் போய், இன்று பெரும்பாலானோருக்கு தினம் ஒரே மாத்திரை. வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைக் கட்டிக் கொடுக்கிறார்கள், ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒருநாள் குளிக்கையில் கையில் ஏதோ தட்டுப்படுகிறது. அரிசி அளவில் ஒரு முளை. வலி இல்லை, சில சமயம் லேசான அரிப்பு. சில வாரங்களில் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று. கவனிக்காமல் விட்டால் எல்லாம் சேர்ந்து காலிஃப்ளவர் பூப்போலத் திரளும். ஆண்குறி, பெண்ணுறுப்பின் உதடுகள், ஆசனவாய் என எங்கும் வரலாம். ஆசனவழி உறவே கொள்ளாதவர்களுக்கும் ஆசனவாய் ஓரத்தில் வருவதுண்டு. பார்த்தவருக்கு முதலில் எழும் பயம், “மாத்திரை வேலை செய்யலையோ?” என்பது.

மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கக்கூடும். அதில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற இரண்டு மருந்துகளும் ஹெச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்குகின்றன. மூன்றாவதான டோலுடெக்ராவிர், அந்த வைரஸ் நம் மரபணுவுக்குள் நுழைய உதவும் இன்னொரு நொதியைத் தடுக்கிறது. ஹெச்.பி.வி.யிடம் இந்த இரண்டு நொதிகளுமே கிடையாது. ஆகவே கூட்டு மருந்து அதை நேரடியாக ஒன்றும் செய்யாது. மரு வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் செய்யக்கூடியதிலேயே பெரிய தவறு.

சரி, எதிர்ப்பு சக்தி திரும்பிவிட்டதே, அது மருவை விரட்ட வேண்டாமா? இங்கேதான் ஹெச்.பி.வி.யின் சாமர்த்தியம். அது ரத்தத்துக்குள் வருவதில்லை. தோலின் அடியடுக்குச் செல்களில் தங்கி, அந்தச் செல்கள் வளர்ந்து மேலே வரும்போது கூடவே பெருகி, உதிரும் தோலோடு வெளியேறுகிறது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும் குடித்தனக்காரரைப் போல, உடம்பின் காவல் செல்கள் கண்ணில் அது படுவதே அரிது. ஹெச்.ஐ.வி. இல்லாத பெரும்பாலோரின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் இதை அடக்கிவிடுகிறது. ஆனால் சிகிச்சை தொடங்கும் முன் சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்கள் வெகுவாகக் குறைந்துபோனவர்களுக்கு, எண்ணிக்கை மீண்டாலும் ஹெச்.பி.வி.யை அடையாளம் காணும் திறன் முழுமையாக மீள்வதில்லை. 2001-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். கூட்டு மருந்து வந்த பிறகு வாயில் வரும் வேறு சில நோய்கள் குறைந்திருக்க, வாய் மருக்களோ கூடியிருந்தன. சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில், எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும் நேரத்தில், மறைந்திருந்த மரு வெளிப்படுவதும் உண்டு.

வீட்டில் சண்டை மூட்டும் கேள்வி வேறு: “இது யாருகிட்ட இருந்து வந்துச்சு?” ஹெச்.பி.வி. தொற்றிய சில மாதங்களிலும் மரு வரலாம். ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டும் வரலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. இன்று மரு தெரிகிறது என்பதை வைத்து நேற்றைய துரோகத்தை நிரூபிக்க முயல்வது வீண். இந்த ஒரு விஷயத்தை ஆலோசகர்கள் தம்பதிகளுக்குப் பொறுமையாக விளக்கினாலே பல குடும்பங்கள் தப்பிக்கும்.

எல்லா முளையும் மரு அல்ல. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துப்போன்ற சிறு புள்ளிகள் இயற்கையானவை, சிகிச்சையே வேண்டாம். மாறாக, ஈரமாக, தட்டையாக இருப்பது சிபிலிஸின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். அதற்குப் பென்சிலின் ஊசி வேண்டும், மரு மருந்து உதவாது. எனவே பரிசோதிக்கும் டாக்டர் சிபிலிஸுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் ‘எதுக்கு சார்?’ என்று தயங்க வேண்டாம்.

சிகிச்சை எளிமையானது, ஆனால் ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி, ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைப்பார்கள். சில நொடிகளில் மரு பனி படிந்ததுபோல் வெளுக்கும். சுரீரென்று எரியும், பிறகு அடங்கும். பொடோஃபிலின் என்பது இமயமலைச் செடி ஒன்றின் வேர்க்கிழங்குப் பிசின். தடவிய சில மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மின்சூட்டால் பொசுக்குவது, பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. வீட்டிலேயே இரவில் தடவும் இமிக்விமோட் கிரீமையும் டாக்டர் எழுதித் தரலாம். எதைச் செய்தாலும் கண்ணுக்குத் தெரியும் மருதான் போகும், அடித்தோலில் உள்ள வைரஸ் இருக்கும். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மரு திரும்ப வருவது அதிகம். அது டாக்டரின் தோல்வியும் இல்லை, நோயாளியின் தோல்வியும் இல்லை.

கை மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பதும், முடியால் இறுக்கிக் கட்டுவதும், கோயிலில் உப்பும் மிளகும் போடுவதும் நம் ஊர் வழக்கம். உப்பும் மிளகும் யாரையும் கெடுக்காது. சுண்ணாம்பைப் பாலுறுப்பில் வைத்தால் தோல் வெந்து புண்ணாகிவிடும். அந்த இடத்தில் ஷேவ் செய்வதும் மருவைப் பரப்பும்.

பத்தில் ஒன்பது பாலுறுப்பு மருக்களுக்குக் காரணமான ஹெச்.பி.வி. 6, 11 வகைகள் புற்றுநோய் உண்டாக்குவது மிக அபூர்வம். ஆனால் அவை வந்த வழியிலேயே 16, 18 போன்ற ஆபத்தான வகைகளும் வந்திருக்கக்கூடும், மரு எதுவும் காட்டாமல். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்கிறது. ஆசனவாய்ப் புற்றுநோய் விஷயத்தில், ஹெச்.ஐ.வி.யோடு வாழும் 4,400-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை அப்போதே அகற்றினால் நோய் வருவது பாதிக்கும் மேல் குறைகிறது என்று அது காட்டியது. மருவைவிட இந்தப் புற்றுநோய்ப் பரிசோதனைகளில்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும்.

தடுப்பூசி? ஆஸ்திரேலியா 2007-ல் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கியது. 2011-க்குள், பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களிடையே மரு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக்கும் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே வந்த மருவை எந்தத் தடுப்பூசியும் கரைக்காது. ஹெச்.ஐ.வி. உள்ள இளம் வயதினர் இதைப் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு மூன்று தவணை நல்லது. ஆணுறை ஹெச்.பி.வி.யை முழுதும் தடுக்காவிட்டாலும் பரவலைக் குறைக்கிறது. ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. தென்படாதவரிடமிருந்து உறவின் மூலம் ஹெச்.ஐ.வி. பரவாது; அந்தச் சலுகை ஹெச்.பி.வி.க்கு இல்லை.

ஹெச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், சம்மதமின்றி அதைப் பிறரிடம் சொல்வதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையங்கள் பால்வினை நோய்களுக்கென்றே இருப்பவை. அடுத்த முறை மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மையத்துக்குப் போகும்போது, வெட்கப்படாமல் டாக்டரிடம் மருவைக் காட்டுங்கள். பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் அன்றே கேட்டுப் பெறுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.