காபிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி செம்பூருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. ஊர் மாறியது, பாஷை மாறியது, அரிசிகூட மாறியது. காலையில் கண் விழித்ததும் டிகாஷன் இறக்கி நின்றபடியே ஒரு டம்ளர் காபி குடிப்பது மட்டும் மாறவில்லை. அந்தக் காபியும் சேர்ந்து என்னை ஒரு வருஷம் ஆட்டி வைத்தது என்றால் நம்புவீர்களா?

2022 பிப்ரவரியில் எனக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கட்டிகள் பெருத்து மூச்சுக்குழாயை அழுத்தியதுதான் காரணம். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சுரப்பி போனபின் அதன் வேலையை லெவோதைராக்ஸின் மாத்திரை செய்ய வேண்டும், ஆயுள் முழுக்க. முழுவதும் எடுத்தவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டுத் தொடங்குவார்களாம். என் எடை 62 கிலோ. ஆகவே 100 மைக்ரோகிராம்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தால் 14! இது தலைகீழ்க் கணக்கு. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி குரலை உயர்த்தும். வேலை நடக்காத வீட்டில் மாமியார் குரல் உயர்வதைப் போல. (நானும் இப்போது மாமியார்தான். சொல்ல உரிமையுண்டு.) மாத்திரை 125 ஆயிற்று. எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை, 9. மாத்திரை 150 ஆயிற்று. அதற்குள் மும்பை மே மாத வெயிலில் நான் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். மலச்சிக்கல், உடம்பு கனம், சீரியல் பார்த்தபடியே தூக்கம். "ஆபரேஷன் ஆனவள், அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

150-ல் டி.எஸ்.எச். ஒருவழியாக 3-க்கு வந்தது. அக்டோபரில் கால்சியம் மாத்திரையை நிறுத்தலாம் என்றார்கள். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சின்னப் பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் சோர்ந்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் சுரீர் என்று மரத்துப் போகும். அதற்காகக் கொடுத்திருந்தது. ஆனால் அதை நிறுத்திய ஒரு மாதத்தில் வேறு கூத்து. தாதர் ஸ்டேஷன் படியேறினால் நெஞ்சு தம்பட்டம் அடித்தது. ராத்திரி தூக்கமில்லை. கோலம் போட்டால் கை நடுங்கிப் புள்ளி தப்பியது. இதயம்தான் என்று நானே முடிவுகட்டி, நகைகள் யார் யாருக்கு என்று மனசுக்குள் பங்குகூடப் போட்டுவிட்டேன்.

ஈ.ஸி.ஜி.யில் வேகத்தைத் தவிர வேறு குற்றமில்லை. டி.எஸ்.எச். 0.03. அந்தப் பெண் டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல், "அம்மா, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

சொன்னேன். ஐந்தரைக்கு எழுந்து தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாக வாயில் போட்டு, அடுத்த ஐந்து நிமிஷத்தில் காபி. அவர் சிரித்துவிட்டார். கால்சியம் வயிற்றிலேயே தைராக்ஸினைப் பிடித்து நிறுத்திவிடுமாம். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். உள்ளே போகாத மருந்துக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். கால்சியம் நின்றதும் 150-ம் முழு வேகத்தில் உள்ளே இறங்கிவிட்டது.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்தே காபி என்று வைத்து, அளவை 112-க்கு இறக்கினார், பிறகு 100-க்கு. ஒவ்வொரு முறையும் ஆறு வாரம் காத்திருந்தோம். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால் அவசரப்பட்டுப் பரிசோதித்துப் பயனில்லை. கடைசியில் 2.1. முதல் நாள் தந்த அதே 100-க்கே திரும்பியிருந்தேன்!

நவராத்திரிக் கொலுவில் இதைச் சொன்னபோது மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு மாமி, "எனக்கு 0.1தான், என் டாக்டர் நல்லது என்கிறாரே, நீயும் கூட்டிக்கொள்" என்றார். அவருக்கு ஆபரேஷன் புற்றுக்காக. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். புடவை டிசைன் மாதிரி மாத்திரை அளவைக் கொலுவில் மாற்றிக்கொள்ள முடியுமா? எனக்கு அதே அளவு வயதான காலத்தில் இதயத் துடிப்பையும் எலும்பையும் பதம் பார்த்துவிடும்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்டக்கூடும். இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொன்னார் எனக்கு.

இப்போது ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. நடுவிலிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுக்காரர் தன் டம்ளரோடு என் எதிரில் உட்காராமல் பால்கனிக்குப் போய்விடுகிறார். வாசனை மட்டும் வந்துவிடுகிறது.