உள்ளகப் பிணையங்களில் கம்பியமைப்பும் தரவுப் பாதையும்

உள்ளகப் பிணையங்களைப் பாட்டை, விண்மீன், வளையம் என வகைப்படுத்துவது வழக்கம். அப்பெயர் கம்பிகளின் அமைப்பைச் சுட்டுகிறதா, தரவு செல்லும் முறையைச் சுட்டுகிறதா என வினவாதவரை அவ்வகைப்பாடு முழுமை பெறாது.

ஐபிஎம் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய டோக்கன் ரிங் பிணையத்தில், கணினிகள் ஒரு நடுப்பெட்டியுடன் தனித்தனிக் கம்பிகளால் இணைக்கப்பட்டன. பார்வைக்கு அது விண்மீன். பெட்டிக்குள்ளோ இணைப்புகள் தொடர் வளையமாகக் கோக்கப்பட்டிருந்தமையால், அனுப்பும் உரிமையைத் தரும் டோக்கன் ஒவ்வொரு கணினியையும் வரிசையாகக் கடந்தே சுற்றியது. ஒரு கணினி அணைந்தால் வளையம் அறுந்திருக்க வேண்டும். ஆனால் அக்கணினி அளித்துவந்த சிறு மின்னழுத்தம் நின்றவுடன், பெட்டியிலுள்ள ரிலே அக்கிளையை விலக்கி வளையத்தை மூடிவிடும். தருக்க வளையத்தின் குறையைப் பருநிலை விண்மீனே ஈடுசெய்தது எனலாம்.

1990இல் தரப்படுத்தப்பட்ட 10பேஸ்-டி ஈதர்நெட்டும் பார்வைக்கு விண்மீனே. எனினும் நடுவில் ஹப் இருப்பின், ஒரு கணினி அனுப்புவது ஏனைய அனைத்தையும் எட்டும். இரண்டு ஒருங்கே அனுப்பின் மோதல் நிகழும். தருக்க நிலையில் அது பாட்டை. ஹப்புக்கு மாற்றாகச் சுவிட்ச் வைப்பின் ஒரு கம்பியும் இடம்பெயர்வதில்லை. மோதற்பரப்பு மட்டும் இணைப்புதோறும் பிரிந்துவிடுகிறது. வேகக்குறைவுக்குக் கம்பி வரைபடத்தில் காரணம் தேடுவோர் இடறுவது இங்கேதான்: இரு நிலைகளுக்கும் வரைபடம் ஒன்றே.